ஆறாம் நம்பர் தகடு

"ஆறாம் நம்பர் தகடு எனக்கு வேணும் சார்."

கிரிதர் நிமிர்ந்தார். கேளம்பாக்கத்தில் இருக்கும் தன் பரிசோதனைக்கூடத்தில் அந்தத் தகட்டைப் பற்றி இனி வாயே திறக்கக் கூடாது என்று, இரண்டு வருடம் முன்பே, தன்னிடம் வேலை பார்க்கும் வேண்டாவிடம் சொல்லியிருந்தார்.

"சாப்பாட்டுப் பையக்கூடக் கீழ வைக்கல. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா?"

"படகுத்துறைப் படி உடைஞ்சு, ஞானம்பாள் மீன் கூடையோட விழுந்து செத்துட்டாங்க. வெல்டிங் சரியில்லன்னு ரமேஷ உள்ள வச்சிகினு கீறாங்க. துரு தின்ன படிக்கு வெல்டர் இன்னா சார் பண்ணுவாரு?"

"ரமேஷ் உனக்கு மாமனா, மச்சானா?"

"மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல."

அந்தப் படிக்கு அடித்த பெயிண்ட் இங்கேதான் சோதனைக்கு வந்தது. பெயிண்ட் பூசிய அந்த ஆறாம் நம்பர் தகட்டில் குறுக்கே கீறி, மாமல்லபுரம் கடலில் ஆறு மாதம் தொங்கவிட்டு எடுத்தவள் வேண்டா. கீறலிலிருந்து துரு பரவி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. ரிப்போர்ட் மட்டும் 'துருவே இல்லை' என்று போனது.

"எந்த ரிப்போர்ட்?" கிரிதர் சிரித்தார். "நம்ம காப்பியக் கிழிச்சாச்சு. பெயிண்ட் கம்பெனியும் எரிச்சுட்டான். கான்ட்ராக்டர் ஃபைலையே காணோமாம்."

மேஜை இழுப்பறையைத் திறந்து, தகட்டை அவள் முன்னால் எறிந்தார்.

"இந்தா. ரிப்போர்ட் இல்லாம இதுக்குப் பேரீச்சம்பழம்தான் கிடைக்கும். அச்சரப்பாக்கத்துல சேறு மிதிக்கிறவன் பொண்ணு, வூட்லயே முதல்ல படிச்சவன்னு வேலை குடுத்தேன் பாரு..."

"அப்பாவ இழுக்காதீங்க. அவரு இல்லன்னா நான் இன்னிக்கு வந்திருக்கவே முடியாது."

தகட்டைப் பைக்குள் போட்டாள். கண்ணாடியில் இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டது.

"பாத்து, சாப்பாடு கொட்டிடப்போவுது."

"சாப்பாடு இல்ல சார்."

வெளியே எடுத்துக் காட்டினாள். இரண்டு வருடம் முன்பு அவள் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு காப்பியை, அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியிருந்தார். அதே ரிப்போர்ட்.

கிரிதரின் முகம் வெளுத்தது.

"ஏய், இதக் குடுத்தா முதல்ல உள்ள போறது யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதான் போறேன்."

போலீஸ் ஸ்டேஷனை நோக்கி நடந்தாள். பைக்குள் இருந்த கண்ணாடிக்குப் பின்னால், 'துருவே இல்லை' என்ற வரிக்குக் கீழே, அப்பா ஆசையாகச் சந்தனப் பொட்டு வைத்திருந்த இடத்தில் இருந்தது, 'பரிசோதித்தவர்: வேண்டா, எம்.எஸ்ஸி.' என்ற அவளுடைய முதல் கையெழுத்து.