முதுகு மூடிய சட்டை

"வழக்கம்போல முதுகுல ரெண்டு பிளவு விட்டுடவா, தம்பி?" என்றார் தையல்காரர்.

"வேண்டாம்ணே. மூடியே தைச்சிடுங்க."

தையல்காரர் எட்டி அவன் முதுகைப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, சிறகு எங்கே? எங்கேயாவது மோதிக்கிட்டியா?"

"நானேதாண்ணே கழற்றிக் கொடுத்தேன்."

"புத்தி கெட்டவனே! உன்னை மாதிரி பறக்க நம்ம இனத்துலயே ஆள் கிடையாதேடா! எவன் கேட்டான்?"

"சபைதான். ஆபத்து வந்தா ஜனங்களை விட்டுட்டுப் பறந்துடக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கே..."

தையல்காரர் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. அந்தச் சட்டம் ஒரே ஒருவருக்குத்தான்.

"அப்போ புது ராஜா... நீயா? நீங்களா?"

"ஆமாண்ணே. சாயங்காலம் பதவியேற்பு. மலை உச்சிக்கு நடந்தே போகணும். அதுக்குள்ள சட்டை கிடைக்குமா?"

தையல்காரர் தன் சிறகுகளை இறுக்கி மடக்கிக்கொண்டார்.

"கிடைக்கும் ராஜா. நானும் கூடவே நடந்து வர்றேன்."