ஏறாத எண்ணெய்ச் சட்டி

துப்பினாள்.

வெள்ளை.

குனிந்து வாஷ்பேசினுக்குள் உற்றுப் பார்த்தாள். நுரை வெள்ளையாகத்தான் இருந்தது. மறுபடி கொப்பளித்துத் துப்பினாள். ஈறை விரலால் தடவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சிவப்பு? கிடையாது.

பிரஷ் பிடித்துப் பத்து மாதம். எலும்பு மஜ்ஜை இரத்தம் சுரப்பதை நிறுத்திக்கொண்ட நாளிலிருந்து வாய்க்கு உப்புத் தண்ணீர்தான். பிரஷ் ஈறில் பட்டால் போதும், இரத்தம் நிற்காது. அப்ளாஸ்டிக் அனீமியா. அந்தப் பேர் அவள் புருஷன் அமலோர் வாயில் இன்றுவரை ஒழுங்காக வந்ததில்லை.

மருந்து ஏற்றியாயிற்று, பொறுத்திருங்கள் என்றார்கள். மூன்று மாதம் என்றார்கள். ஆறு மாதம் என்றார்கள். அதுவரை வாரம் தவறாமல் யாரோ ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த இரத்தத் தட்டணுக்கள் இவள் உடம்பில் ஏறின. பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை.

கடைசியாக ஏற்றிப் பத்தொன்பது நாளாகிறது.

குழந்தைகள் பிரஷ் ஒன்று வாங்கி மெதுவாகத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். வாத்துப் படம் போட்ட பிரஷ். வாங்கி வைத்து மூன்று நாள், தொடவே பயம்.

இன்று தொட்டாயிற்று!

"ஏங்க! ஓடி வாங்க! இங்கன வந்து பாருங்க!"

வீடே அதிரக் கத்திவிட்டாள். அது சந்தோஷக் கத்தல் என்று அமலோருக்கு எப்படித் தெரியும், பாவம்! பத்து மாதமாகக் குளியலறையிலிருந்து அவள் கூப்பிட்டதெல்லாம் ஒரே காரியத்துக்குத்தான். எட்டிக்கூடப் பார்க்காமல் போனை எடுத்துவிட்டான்.

"செல்லத்துரை, கிளம்புலே!"

ஐஸ் கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கிற ஏழு பேர் முறை வைத்துத் தட்டணு கொடுத்துவந்தார்கள். கொடுக்கிறவன் எண்ணெய்ப் பதார்த்தம் தொடக்கூடாது. எந்நேரமும் கூப்பிடுவார்களே! அதனால் யார் முறையோ, அந்த வாரம் முழுக்க அவன் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே ஏறாது. இந்த வாரம் பக்கத்துத் தெரு செல்லத்துரை. தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மீன் பொரிக்காத வீடு அவன் வீடாகத்தான் இருக்கும்.

ஐந்தே நிமிடத்தில் வந்து நின்றான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டே வந்திருக்கிறான்.

"மைனிக்கு எங்கன இருந்துய்யா ரத்தம்?"

அதற்குள் அமலோரும் குளியலறைக்குள் வந்து பார்த்திருந்தான். பேசினைப் பிடித்தபடி நின்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வாயோரம் நுரையோடு அவள்தான் பிரஷைத் தூக்கிக் காட்டினாள்.

செல்லத்துரை பிரஷைப் பார்த்தான். பேசினை எட்டிப் பார்த்தான். இன்னொருமுறை பார்த்தான்.

"ரத்தமே இல்லயா மைனி?"

"ஒரு பொட்டு இல்லய்யா! ஆனா நாளைக்கு டெஸ்ட் இருக்கு. அதுல என்ன வருமோ..."

"நாளைக்கு முறை மாறிருது மைனி. அடுத்தவன் பாத்துக்கிடுவான்."

சுருட்டிய கையை இறக்கிவிட்டுக்கொண்டான். வீட்டுக்குப் போன் போட்டான்.

"ஏட்டி, சட்டிய ஏத்து. சீலா மீன் வாங்கிட்டு வாரேன்."

மறுபக்கத்தில் அவன் பொண்டாட்டி என்னவோ கேட்டாள்.

"ஆமா" என்றான். "ஆமாட்டி."

அவன் படியிறங்கியதும் அவள் தெருப்பக்க ஜன்னலைத் திறந்தாள். கிருமிக்குப் பயந்து பத்து மாதமாகச் சாத்தியே கிடந்த ஜன்னல். இரண்டு தட்டுத் தட்டித்தான் திறந்தது.

மீன் வாங்கியிருப்பானா? சட்டி காய்ந்திருக்குமா? காற்று இந்தப் பக்கம்தானே அடிக்கிறது?

மூக்கை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பத்து மாதம் பொறுத்தவள். இந்த அரை மணி நேரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.