சிவப்பு இல்லை

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய துளசிமணி, தையலைப் படமெடுத்து, புண் பழுத்திருக்கிறதா என்று ஆஸ்பத்திரி தந்த கைபேசியிடம் காட்டிக் கேட்டாள்.

"சிவப்பு இல்லை. நலம்," என்றது அது.

தையலைச் சுற்றித் தணலாய்க் கொதித்தது. உடம்போ குளிரில் வெடவெடத்தது. கைபேசி ஒப்புக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக் கதவு திறக்காது. கெஞ்சிக் கேட்க அங்கே மனிதர்களும் இல்லை.

புருஷன் சென்னியப்பன் விளக்கைக் கிட்டே பிடித்தான். எவ்வளவு கனன்றாலும் சிவக்காத அவளுடைய கருத்த தோல், மேலும் கருத்து, வீங்கி மினுங்கியது.

"இன்னொருக்கா எடு புள்ள," என்றான்.

"சிவப்பு இல்லை. நலம்."

துளசிமணி அவன் கையை இறுகப் பற்றினாள்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்களும் செவப்பு இல்லைன்னுதானுங்க சொல்லீட்டுப் போனாங்க. அப்ப அழுதனுங்க. இப்ப பயமா இருக்குதுங்க."