சிலையை உடைக்கும் காட்சி

“உடைக்க மாட்டாங்க” என்று நான் சொன்னதும் மூன்று பேரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள்.

நாங்கள் கணினி விளையாட்டுக்குக் கதை எழுதுகிறவர்கள். இந்த விளையாட்டில் ஒரு மலைக்கிராமம், அதற்கு ஒரு கல் சாமி. ராஜாவின் படை வந்து ஊற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் சாமியை உங்கள் கையாலேயே உடையுங்கள், தண்ணீரை விடுகிறேன் என்கிறான் ராஜா.

உடைப்பார்களா, மாட்டார்களா? இன்றைக்கு எழுதி முடித்தாக வேண்டும்.

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. எழுதுவதற்கு முன்னால் ஆளுக்கொரு பாத்திரமாக உட்கார்ந்து பேச வேண்டும். அவன் செய்வான், அவள் செய்வாள் என்ற பேச்சே கூடாது. நான் செய்வேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

விதியைப் போட்ட புண்ணியவான் நான்தான். இந்தக் காட்சியில் சாமியும் நான்தான்.

தாடிக்காரன் கொல்லனாக உட்கார்ந்திருந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது, நான் உடைப்பேன் என்றான். கொல்லனுக்குக் குழந்தை இருப்பதாக நாங்கள் எழுதவே இல்லை. குழந்தை தாடிக்காரனுக்குத்தான், போன மாதம் பிறந்தது.

சோடாபுட்டிக்காரர் ஊர்த்தலைவர். மனுஷ உயிர் பெரிதா கல் பெரிதா என்று நியாயம் பேச ஆரம்பித்தார். பேசப் பேசக் குரல் ஏறிக்கொண்டே போனது. அவரை யாரும் எதிர்க்கவில்லை. ஆனாலும் யாரோ மல்லுக்கு நிற்பதுபோல் மூச்சிரைக்கப் பேசினார்.

பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காலையில் முதலாளி மூவரையும் தனித்தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு என்னைப் பற்றிக் கேட்டிருந்தார். விளையாட்டு முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது. இந்த ஆளை அனுப்பிவிட்டால் நீங்கள் முடித்துக் கொடுப்பீர்களா, இல்லை எல்லோரையும் சேர்த்து அனுப்பிவிடட்டுமா?

இவர்கள் இருவரும் என்ன சொன்னார்கள் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. தாடிக்காரன் காலையிலிருந்து நான் கேட்காமலே காபி வாங்கி வந்து வைத்துக்கொண்டிருந்தான்.

அவர்களை விடுங்கள். எனக்கு வேண்டியது தங்கச்சியின் பதில்.

கூடப் பிறந்தவள் இல்லை. விளையாட்டை ஆடிப் பார்த்துப் பிழை சொல்லும் வேலைக்கு வந்தவள். விளையாட்டில் ஒரு கதவு திறக்கவில்லை என்றால், திறக்கவில்லை என்று சொன்னால் போதும். இவளோ, கதவுக்குப் பின்னால் யாரோ அழுகிற மாதிரி இருந்தது, ரொம்ப நேரம் தட்டிப் பார்த்தேன், திறக்கவே இல்லை என்று எழுதி அனுப்பினாள். அன்றைக்கே அவளை எழுதும் அறைக்கு இழுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் அண்ணாதான். நான் மருத்துவமனையில் கிடந்தபோது என் அழுக்குத் துணியைத் துவைத்து எடுத்து வந்தவள் இவள். சொந்தத் தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இவள் முடியாது என்றுதான் சொல்லியிருப்பாள். காலையில் முதலாளி அறைக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டாள். முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்லிவிட்டு வருகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. வெட்கமில்லாமல் மதியம் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கதையில் அவள் பூசாரிப் பெண். இன்னும் வாயைத் திறக்கவில்லை.

“நீ சொல்லும்மா” என்றேன்.

நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நானும் உடைப்பேண்ணா. முதல் அடியே நான்தான் அடிப்பேன். இவங்களுக்குக் கை நடுங்கும். எத்தனை அடி அடிச்சாலும் உடையாது. சாமிக்கு வலிக்கும்ல?”

தாடிக்காரன் எழுந்து வெளியே போய்விட்டான். சோடாபுட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் ஏன் அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

காட்சியை எழுத அவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முதல் அடி விழும்போது சாமி என்ன சொல்லும் என்று திரும்பாமலே கேட்டாள்.

சொல்வதற்கு இருந்தது. போன வாரமே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். இந்த மூவரின் வேலையில் கை வைக்கக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. முதலாளியும் ஒப்புக்கொண்டார். நீங்கள் யாரும் எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்.

சொன்னால், அப்புறம் எதற்கு எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார் என்பாள். கெட்டிக்காரி, கேட்காமல் விடமாட்டாள்.

கேட்கச் சொன்னது நான்தான்.

போவதற்கு முன்னால் ஒருத்தராவது எனக்காக முடியாது என்று சொன்னதாகக் காதில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேண்டாம்ப்பா, விட்டுடு என்று முதலாளிகூடச் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

“சாமி ஒண்ணும் சொல்லாது” என்றேன்.

“ஏதாவது சொல்லட்டும்ணா” என்று திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. “திட்டவாவது திட்டட்டும்.”

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.