புகை விட்ட தடம்

“மூச்சு விடவே உனக்குத் தீப்பெட்டி வேணும். நீ எதுக்கு ஆஸ்பத்திரிக்குள்ள வர்றே?” என்று தொடங்கினாள் அண்ணி.

தம்பி அண்ணனைக் கைத்தாங்கலாக டாக்டர் எதிரில் உட்கார வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டான்.

அண்ணனும் தம்பியும் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர்கள். அண்ணனுக்கு ஈரலில் கட்டி. ஆனால், அது அங்கே பிறந்தது இல்லை. வேறெங்கோ பிறந்து அங்கே குடியேறியது. எங்கிருந்து என்று எந்த ஸ்கேனும் சொல்லவில்லை. கடைசியில், கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

“சத்தம் ஒரு பக்கம், கோளாறு இன்னொரு பக்கம். ஃபிரிட்ஜா இருந்தா நானே கழட்டிப் பார்த்திருப்பேன், டாக்டர்” என்றார் அண்ணன்.

டாக்டர் சிரித்தார். “கழட்டாமலே கண்டுபிடிச்சாச்சு. நுரையீரல்ல தொடங்கியிருக்கு. அதுக்குப் பொருத்தமான மருந்து இருக்கு. இந்த வாரமே ஆரம்பிச்சிடலாம்.”

அண்ணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“ஒரு விஷயம். கட்டியோட மரபணுவில புகை விட்டுட்டுப் போன தடம் பலமா இருக்கு. சிகரெட் பிடிப்பீங்களா?”

“யாரு, நானா?” அண்ணன் நெஞ்சில் கை வைத்தார். “கடைச் சுவத்துல ‘புகை பிடிக்காதீர்’னு ஒட்டினவனே நான்தான்!”

“அந்த நாத்தமே இவருக்கு ஆகாது, டாக்டர்!” அண்ணி பொங்கினாள். “இதோ நிக்கிறானே என் கொழுந்தன், இவன்தான். துவைக்கச் சட்டையை எடுத்தா பாக்கெட்ல சிகரெட்! இவர் எவ்வளவு புத்தி சொல்லியிருப்பார்!”

“சொல்லியிருக்கேன்” என்றார் அண்ணன், கொஞ்சம் மெதுவாக.

“பக்கத்துல நின்னு சுவாசிச்ச புகை இவ்வளவு தடம் விடுறது அபூர்வம்” என்று இழுத்தார் டாக்டர்.

“கடையில ஒரே அறைக்குள்ள ரயில் எஞ்சின் மாதிரி ஊதினா விடாதா?” என்றாள் அண்ணி.

டாக்டர் தம்பியைப் பார்த்தார். “நீங்களா?”

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன், சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஆமா டாக்டர், நான்தான்.”

“யாரா இருந்தாலும், இனிமே புகை இவர் பக்கமே வரக்கூடாது. வந்தா மருந்து சரியா வேலை செய்யாமப் போகலாம்.”

“புகை என்ன, இவனே வர மாட்டான்!” அண்ணி தீர்ப்புச் சொன்னாள். “இன்னையிலேர்ந்து கடையிலேயே படுத்துக்க. வீட்டு வாசப்படி மிதிக்காதே.”

வெளியே வந்ததும் அவள் மருந்து வாங்க வரிசையில் போய் நின்றாள். வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு பேர் மட்டும்.

“கோவிச்சுக்காதேடா. உண்மை தெரிஞ்சா அவ தாங்க மாட்டா” என்றார் அண்ணன். சொல்லும்போதே அவர் கை, பழக்க தோஷத்தில், தம்பியின் சட்டைப் பாக்கெட் பக்கம் நீண்டது.

தம்பி முந்திக்கொண்டான். பாக்கெட்டில் இருந்த சிகரெட் பெட்டியை எடுத்துக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

“வீட்டுல கெட்ட பேரு எனக்கே இருக்கட்டும். நீ உள்ள போய் டாக்டர்கிட்ட மட்டும் நிஜத்தைச் சொல்லிட்டு வா. இனிமே உனக்காக இந்தப் பெட்டியைச் சுமக்க மாட்டேன்.”

அண்ணன் குப்பைத் தொட்டியையே ஏக்கமாகப் பார்த்தார்.

“அதுல அப்படி என்னண்ணே இருக்கு?” என்றான் தம்பி. “நான்தான் ஒண்ணுகூட இழுத்துப் பார்த்ததில்லையே!”