ரெண்டு துணி, ஒரே சிவப்பு

"அங்கிள்! கத்தரிக்கோலைக் கீழ வைங்க!"

ஆய்வகத்து ஸாரா பாய்ந்து தடுத்தாள். அலியின் பழைய சிவப்புத் துணி மயிரிழையில் தப்பியது.

"டெஸ்ட்டுக்குத் துண்டு வேணும்ல?" என்றார் ஜித்ராவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் சுல்கிப்லி.

"ஓரத்துல தொங்குற பிசிறு போதும்லா. ஒரு அரிசி நீளம்."

மேசையில் இரண்டு துணிகள். ஒன்று சுல்கிப்லி குடும்பத்தது. மற்றது திகாம் பத்து என்ற ஊரிலிருந்து வந்திருக்கும் அலியுடையது. அந்தக் காலத்தில் மலேசியாவுக்குக் கப்பலேறி வந்த அண்ணனும் தங்கையும் ஒரே துணியைக் கிழித்துப் பங்கு போட்டார்கள், அவர்கள் வாரிசுதான் நாம் என்பது அலியின் கட்சி.

"புளுகு! சொந்தமில்லாத வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு ஜமாத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்" என்று உறுமினார் சுல்கிப்லி.

மூலையில் அவர் மகள் தலீலா. அலியின் மகன் அஸ்லானைத்தான் கட்டுவேன் என்றவள், நோன்புப் பெருநாளிலிருந்து அத்தாவிடம் பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஸாரா இடுக்கியால் துணிக்கொரு பிசிறு எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள்.

"ஹச்!"

சுல்கிப்லியின் தும்மலில் அலியின் நூல் பறந்தது.

"வேணும்னே தும்முறார்லா இந்த மனுஷன்!" அலி தரையில் தவழ்ந்தார். எல்லோரும் தவழ்ந்தார்கள்.

"கத்தாத. இந்தா, உன் பொக்கிஷம்!" சுல்கிப்லியே தேடி எடுத்து ஸாராவிடம் கொடுத்தார்.

ஸாரா நூல்களைத் தனித்தனிக் குழாயிலிட்டு, லேசான அமிலம் விட்டு, வெந்நீரில் நிறுத்தினாள்.

"என்னம்மா, நூலைப் போட்டுத் தே தாரிக் டீ ஆத்துறியா?" என்றார் சுல்கிப்லி.

"காட்டமா ஆசிட் ஊத்துனா சாயமே உடைஞ்சிடும் அங்கிள். எந்தச் செடின்னு சொல்ல முடியாது. மெதுவாத்தான் இறக்கணும்."

இறங்கிய சாயம் இயந்திரத்துக்குள் போனது. திரையில் கோடுகள் எழுந்தன.

"ரெண்டுலயும் சாயவேர்ச் செடியோட சிவப்பு. கூடவே அரக்குச் சாயம். அளவுகூட ஒண்ணு. ஒரே தொட்டியில முக்குன மாதிரி!"

"அல்ஹம்துலில்லாஹ்!" அலி துள்ளினார். "இப்ப என்ன சொல்றீங்க, மச்சான்?"

சுல்கிப்லி தலையில் கைவைத்தார். "மெஷினே சொல்லிருச்சு. நான் என்ன பண்றது? நிக்காஹ் தேதியப் பாரு."

"அத்தா!" தலீலா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"விடு, விடு. மெஷினைப் போய்க் கட்டிக்க."

கார் நிறுத்துமிடத்தில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, சுல்கிப்லி சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்துக் காற்றில் ஊதிவிட்டார்.

அது அலி வீட்டு நூல். ஸாராவிடம் கொடுத்த நூலோ, எல்லோரும் தவழ்ந்த நேரத்தில் தன் துணியிலிருந்தே அவர் உருவியது.