வரதுவின் கோட்டு

அன்றைக்குக் கப்பலில் முதல் ஆளாக ஏறியவன் நான்தான்.

தனுஷ்கோடித் துறையில் அது கட்டிக் கிடந்தது. தலைமன்னாருக்குப் புறப்பட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. டிக்கெட்டைக் காட்டிவிட்டு, செம்பையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு, தொந்தியோடு பலகையில் ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மேல்தளத்தில் ஒரு மூலையைப் பிடித்தேன். அங்கிருந்து ஏறுகிறவர்கள் எல்லோரையும் பார்க்கலாம்.

நான் எங்கேயும் போகவில்லை; டிக்கெட் உள்ளே ஏறுவதற்கு மட்டும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எனக்கும் என் சித்தப்பா பிள்ளை வரதுவுக்கும் ஒரே சன்னதியில் கைங்கர்யம். வருஷத்தில் ஆறு மாசம் என் முறை, ஆறு மாசம் அவன் முறை. கடல் தாண்டியவன் மறுபடி பெருமாளைத் தொட முடியாது. வரது தாண்டினால் பன்னிரண்டு மாசமும் எனக்கு. ஆனால் தாண்டினானாம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய ஓர் ஆள் வேண்டும். அவன் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, புறப்படும் முன் நான் இறங்கிவிட வேண்டியது.

கட்டியிருக்கும் கப்பலில் உட்கார்ந்தால் தோஷமா என்றும் யோசித்தேன். இல்லை என்று நானே தீர்மானித்தேன். கயிறு அவிழும்வரை அதுவும் கரைதான்.

வரது மேல் எனக்கு ஒரு மாசமாகவே சந்தேகம்.

திடீரென்று ஒருநாள் என் தோளைப் பிடித்து, முதுகைத் தடவி, அண்ணா இளைத்துவிட்டீர்களே என்று உருகினான். என் உடம்பைப் பற்றி இவனுக்கு என்ன கவலை?

அடுத்த வாரம், தென்னூர் காஜா மைதீன் கடையில் கோட்டு தைக்கக் கொடுத்தான் என்று தெரிந்தது. சன்னதியில் நிற்கிறவனுக்குக் கோட்டு எதற்கு? வியாழக்கிழமைக் கப்பல், புதன்கிழமைக்குள் வேண்டும் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னானாம். ஆளோ ஒல்லிப்பிச்சான். இதற்குள் இரண்டு வரது நுழையலாமே என்று காஜா மைதீனே சிரித்தாராம். கொழும்பில் தின்று கொழுக்கலாம் என்று முன்கூட்டியே தைத்து வைக்கிறான், படுபாவி! இந்த அழகியமணவாளன் கண்ணிலா மண்ணைத் தூவப் பார்க்கிறான்?

அவனுக்கு முன்னால் வந்து சேர வேண்டுமே. முந்தின நாளே திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறி, ராமேஸ்வரம் சத்திரத்தில் கொசுக்கடி பட்டு வந்திருந்தேன்.

வந்தான். கையில் ஒரு தகரப் பெட்டி. கோட்டு உடம்பில் இல்லை. பெட்டிக்குள் வைத்திருக்கிறான், ஊர்க்காரர்கள் கண் மறைந்ததும் மாட்டிக்கொள்வான் என்று நினைத்தேன்.

தளம் முழுக்க இடம் கிடந்தது. அவன் என் மூலைக்கே வந்தான். ரங்கா! மேல்வேஷ்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

உச்சி வேளை. மாத்யாஹ்நிகம் செய்கிறவனை யார் உற்றுப் பார்ப்பார்கள்? செம்புத் தண்ணீரில் ஆசமனம் செய்து, காயத்ரியை ஆரம்பித்தேன். நூற்றெட்டு. நடுவில் எழுந்தாலும் பேசினாலும் அத்தனையும் வீண். போன மாசம் வரது அப்படிப் பாதியில் எழுந்தபோது, நாலு பேர் எதிரில் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியவன் நான்.

முப்பதில் முதல் சங்கு ஊதியது. மூன்றாவது சங்குக்குப் பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள் என்று கூலியாள் சொல்லியிருந்தார். அவசரமில்லை.

ஐம்பதில் கப்பல் சிப்பந்தி ஒருவர் வந்து குனிந்தார். "சாமி, வழியனுப்ப வந்தவங்கல்லாம் இறங்கணும். நீங்க பயணமா?"

நான் எப்படி வாய் திறப்பேன்? வரது முந்திக்கொண்டான்.

"அவர் பயணம்தான். ஜபத்துல இருக்கார், எழுப்பாதீங்கோ."

சிரிப்பை அடக்குவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. அசடு! பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாமலே எனக்கு உபகாரம் செய்கிறான்.

அறுபத்தைந்தில் இரண்டாவது சங்கு. வரது எழுந்து எங்கோ நடந்தான். ஓரக்கண்ணால் பார்த்தேன். பெட்டி அங்கேயே இருந்தது. தண்ணீர் குடிக்கப் போயிருப்பான். பெட்டியை விட்டுவிட்டு எங்கே போய்விடுவான்?

தொண்ணூற்றெட்டில் மூன்றாவது சங்கு. அவன் இன்னும் வரவில்லை. எழுந்துவிடலாமா? இன்னும் பத்துதானே. ஒரு எழுத்தையும் விழுங்காமல் எவ்வளவு வேகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வேகமாகச் சொல்லி முடித்து, நமஸ்காரம்கூடச் செய்யாமல் ஓடினேன்.

பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள். கயிறு தண்ணீரில் விழுந்தது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. பிறகு ஓர் ஆள் நீளம்.

இறக்கிவிடுங்கள் என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கரையில் வரது நின்றான். அவனோடு எங்கள் வீதி சக்ரபாணி. சக்ரபாணி கண்ணால் பார்த்த விஷயம், அவர் ஊர் திரும்பிய அரை நாழிகைக்குள் ஏழு பிராகாரத்துக்கும் தெரிந்துவிடும்.

"அண்ணா, பாத்துண்டு போயிட்டு வாங்கோ! உங்க முறையை நான் பாத்துக்கறேன்!"

வரது கைகூப்பினான்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், நாலு பேர் பார்க்க அழுதேன். முப்பது வருஷம் பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்த கை இது.

மூலைக்குத் திரும்பினேன். அவன் பெட்டி பூட்டாமல் இருந்தது. திறந்தேன். உள்ளே கோட்டு மட்டும் இருந்தது.

என்ன நினைத்தேனோ, எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோளில் இறுக்கவில்லை. வயிற்றுப் பொத்தான்கூட இழுக்காமல் பொருந்தியது.